தனிக் கழுந்து மூட்டு ஏறி இறங்காமல் பொருந்த: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் வீட்டு வராந்தாவிலேயே ஸ்டூல், மேஜை என்று செய்து பழகுகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் பட்டறைக்கு வந்து அவர்கள் கேட்கும் சந்தேகம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. மூட்டு சேர்ந்துவிடுகிறது, மட்டமாகச் சேரவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்துவிட்டேன். அளவுகள் மி.மீ. கணக்கில். ஆசாரிமார் சொல்லும் 1 நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, 3 மி.மீ.க்குச் சற்று அதிகம்.

தனிக் கழுந்துன்னா என்ன அண்ணாச்சி? நம்ம ஆசாரி போடுற கழுந்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

வழக்கமான மூட்டில் குறுக்குச்சட்டத்தின் நுனியையே செதுக்கிக் கழுந்து எடுத்து, காலில் அடித்த துளைக்குள் இறக்குவோம். தனிக் கழுந்தில் இரண்டு மரத்திலும் துளைதான். கழுந்து தனியாக இழைத்த ஒரு துண்டு. பாதி இந்த மரத்துக்குள் போகும், மீதிப் பாதி அந்த மரத்துக்குள் போகும். வீடியோக்களில் லூஸ் டெனன், ஃப்ளோட்டிங் டெனன் என்று சொல்வதெல்லாம் இதுதான்.

இதில் லாபம், சட்டத்தை வேண்டிய நீளத்துக்கே அறுத்துவிடலாம். கழுந்துக்கென்று இரண்டு முனையிலும் கூடுதல் நீளம் விட வேண்டாம், தோள் (கழுந்தைச் சுற்றி எதிர் மரத்தில் முட்டி நிற்கும் முகம்) வெட்ட வேண்டாம். நஷ்டம், ஒரு மூட்டுக்கு இரண்டு துளை. இரண்டில் எது நகர்ந்தாலும் மூட்டு ஏறி இறங்கும். கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த நஷ்டத்தைச் சமாளிப்பது பற்றித்தான்.

தனியா ஒரு துண்டைச் சொருகினா பலம் இருக்குமா? அதுக்கு டோவல் குச்சியே போதாதா?

துளைக்குச் சரியாகப் பொருந்தி, பசை நன்றாகப் பிடித்த தனிக் கழுந்து, செதுக்கி எடுத்த கழுந்துக்குப் பெரிதாகக் குறைந்ததல்ல. வீட்டு மேஜை, நாற்காலி, அலமாரிச் சட்டம் எதற்கும் தாராளமாகப் போதும். கழுந்துத் துண்டின் நார் அதன் நீளவாக்கில் ஓட வேண்டும், அது மட்டும் கட்டாயம்.

டோவல் உருண்டை. துளைச் சுவரின் பெரும்பகுதியில் அது மரத்தின் வெட்டு நாரைத்தான் தொடுகிறது, அங்கே பசை சரியாகப் பிடிக்காது. கழுந்து தட்டை. அதன் இரண்டு அகலப் பக்கமும் நீள நாரோடு நீள நாராக ஒட்டும். டோவலை நான் ஒதுக்கிவிடவில்லை, சிறிய படச்சட்டத்துக்கு அது போதும். தினமும் இழுத்துப் போட்டு உட்காருகிற நாற்காலிக்குப் போட மாட்டேன்.

அளவெல்லாம் கரெக்டா எடுத்தேன், துளையும் நடுவுலதான் இருக்கு. ஒட்டினப்புறம் பார்த்தா ஒரு சட்டம் தூக்கி நிக்குதே, ஏன்?

"நடுவுல" என்று நினைத்ததுதான் காரணம். துளை நடுவில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டு மரத்திலும் ஒரே முகத்திலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் போதும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மரம் 25 மி.மீ. கனம். நடு 12.5. கைடு (மரத்தின் முகத்தை ஒட்டி ஓடி, துளை எவ்வளவு தூரத்தில் விழ வேண்டும் என்று நிறுத்தும் தடுப்பு) வைக்கும்போது அரை மி.மீ. பிசகி 13-இல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சட்டத்துக்கும் முன் முகத்தில் கைடை ஒட்டித் துளை போட்டால், இரண்டும் முன் முகத்திலிருந்து 13. சேர்த்தால் முன் முகம் மட்டமாக நிற்கும். அதே கைடு அமைப்பில் ஒன்றை முன் முகத்திலிருந்தும் மற்றதைப் பின் முகத்திலிருந்தும் போட்டால், ஒன்று 13, மற்றது 25-இல் 13 போக 12. முன்னால் 1 மி.மீ. படி விழுந்துவிடும். அரை மி.மீ. பிசகு ஒரு முகத்தில் வைத்தால் காணாமல் போகிறது, முகம் மாறினால் இரட்டிப்பாகிறது.

இன்னொன்று, மரங்களின் கனமே ஒன்றுக்கொன்று வேறுபட்டால் எல்லாவற்றுக்கும் நடு பார்த்துத் துளை போடுவது இன்னும் மோசம். 25-க்கும் 24-க்கும் நடு எடுத்துச் சேர்த்தால் முன்னால் அரை, பின்னால் அரை என்று இரண்டு பக்கமும் படி வரும். முகத்திலிருந்து எடுத்தால் முன் பக்கம் சுத்தமாக இருக்கும், வித்தியாசம் முழுவதும் யாரும் பார்க்காத பின் பக்கத்துக்குப் போய்விடும்.

சரி, அந்த முகத்தை எப்படி ஞாபகம் வைக்கிறது? ஒரு ஸ்டூலுக்கே பன்னெண்டு துண்டு வருது.

ஞாபகம் வைக்க வேண்டாம், பென்சிலால் எழுதிவிடுங்கள். துண்டுகளைச் செய்யப்போகிற பொருளின் வடிவத்திலேயே தரையில் பரப்பி, எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டுமோ அந்தப் பக்கத்தை மேலே வையுங்கள். பிறகு எல்லாத் துண்டுகள் மேலும் ஓடுகிற மாதிரி ஒரு பெரிய முக்கோணம் போடுங்கள். துண்டுகள் எப்படிக் கலைந்தாலும் முக்கோணத்தைச் சேர்த்தால் இடம் வலம், மேல் கீழ், முகம் மூன்றும் தெரிந்துவிடும். மூட்டுக்கு மூட்டு 1-1, 2-2 என்று எண்ணும் போட்டுக்கொள்ளுங்கள். முகத்தை மணல் காகிதம் போட்டுத் தேய்ப்பது கடைசி வேலை. முதலிலேயே தேய்த்தால் குறி போகும், விளிம்பும் மழுங்கும்.

மில்லுலயே நாலு பக்கமும் இழைச்சுத்தான் வாங்கிட்டு வந்தேன். அப்படியே ஆரம்பிக்கலாம்ல?

ஆரம்பிக்கக் கூடாது. மில்லிலிருந்து வந்த மரம் நாலு நாளில் திரும்பிவிடும், அதுவும் ஈர மரம் என்றால் கேட்கவே வேண்டாம். நேரான இரண்டு குச்சிகளைச் சட்டத்தின் இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒரு முனையிலிருந்து கண்ணை மட்டமாக வைத்துப் பாருங்கள். குச்சிகள் இரண்டும் ஒன்றோடொன்று இணையாகத் தெரியாவிட்டால் மரத்தில் முறுக்கு இருக்கிறது. முறுக்கிய முகத்தில் கைடு நிற்காது, ஆடும்.

அடுத்தது நுனி. மூலைமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். தனிக் கழுந்தில் சட்டத்தின் அறுத்த நுனியேதான் தோள். அது சாய்ந்திருந்தால், துளை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஒரு ஓரம் வாய் பிளந்துதான் நிற்கும்.

துளை எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் போடணும்?

அகலம் மரக் கனத்தில் மூன்றில் ஒன்றை ஒட்டி வரட்டும். 18, 20 மி.மீ. மரத்துக்கு 6 மி.மீ. பிட் (துளை குடையும் அலகு), 25-க்கு 8, ஒன்றரை அங்குலச் சட்டத்துக்கு 12. ஆழம் ஒவ்வொரு பக்கமும் 25 முதல் 30 மி.மீ. இருந்தால் நல்லது. துளையின் அடியில் ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. காலி இருக்கட்டும், மிச்சப் பசைக்கு இடம் வேண்டும். அதாவது இரண்டு பக்கமும் 25 ஆழம் என்றால் கழுந்து 48 நீளம்.

டொமினோ மிஷின் இல்லாம இதெல்லாம் முடியாதுன்னு சொல்லுதாங்களே?

ஃபெஸ்டூல் கம்பெனியின் டொமினோ அருமையான மிஷின்தான். வைத்து, அழுத்தி, எடுத்தால் துளை. ஆனால் நல்ல ரவுட்டர் (சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் கை மிஷின்) ஒன்றின் விலையைப் போலப் பல மடங்கு. மாதத்துக்கு ஒரு மேஜை செய்கிறவருக்கு அது எதற்கு? கீழே இறங்கி ஏறுகிற பிளஞ்ச் ரவுட்டர், அதோடு வரும் கைடு, ஒரு ஸ்பைரல் பிட் இருந்தால் அதே துளை வரும். நேரம்தான் கூடுதலாகும்.

டொமினோ வைத்திருப்பவர்களும் படி விழுந்த மூட்டோடு வருகிறார்கள். அதற்கும் முகம் மாறக் கூடாது, அதன் அடித்தட்டுக்குக் கீழே மரத்தூள் இருக்கக் கூடாது. மிஷினை வேகமாகக் குத்தினால் அதன் பின்பக்கம் தாழ்ந்துவிடும். மேல் கைப்பிடியை ஒரு கையால் கீழே அழுத்தி, மற்றக் கையால் மெதுவாகத் தள்ளுங்கள்.

ரவுட்டர்ல துளை போடுதேன், கைடு மரத்தை விட்டு விலகி விலகிப் போகுது. கை நடுங்குதோன்னு பாக்கேன்.

கை நடுங்கவில்லை, திசை தப்பு. பிட் மேலிருந்து பார்க்கக் கடிகார முள் சுற்றுகிற திசையில் சுற்றுகிறது. நீங்கள் ரவுட்டரை முன்னால் தள்ளும்போது மரம் அதை இடது பக்கம் தள்ளும். ஆகவே கைடு மரத்தின் வலது பக்கம் இருக்க வேண்டும். அப்போது அந்த இழுப்பே கைடை மரத்தோடு ஒட்ட வைக்கும். கைடு இடது பக்கம் இருந்தால் அதே இழுப்பு கைடைப் பிரித்துவிடும். முகக்குறி போட்ட பக்கம் வலது கையோரம், வெட்டு முன்னால் தள்ளும்போது மட்டும், திரும்பி வரும்போது வெட்டாமல் சும்மா கொண்டுவாருங்கள்.

ஒரே மூச்சில் 25 மி.மீ. ஆழம் இறக்குவதும் இன்னொரு காரணம். 6, 8 மி.மீ. பிட்டுக்கு ஒரு தடவைக்கு 3 மி.மீ., அதாவது ஒரு நூல் இறக்கினால் போதும். சத்தத்திலேயே தெரியும். ஒரே சீராக முனகினால் சரி, கத்தினாலோ பிட் கறுத்தாலோ அதிகம் இறக்குகிறீர்கள். ரவுட்டரோடு வரும் கைடு குட்டையானது. அதில் ஒரு அடி நீளத்துக்கு நேரான மரப்பட்டை ஒன்றைத் திருகி முடுக்குங்கள், துளையின் தொடக்கத்திலும் முடிவிலும் ரவுட்டர் திரும்பாது.

சட்டத்தோட பக்கவாட்டுல சரி. நுனியில ரவுட்டரை எப்படி நிறுத்துறது? உக்கார இடமே இல்லையே.

இடம் செய்து கொடுக்க வேண்டியதுதான். நல்ல கனமான பலகை ஒன்றின் மேல் விளிம்பை மட்டமாகவும் சதுரமாகவும் இழைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தி, நுனியும் பலகை விளிம்பும் ஒரே மட்டத்தில் வரும்படி கிளாம்பால் பிடியுங்கள். இப்போது ரவுட்டருக்கு உட்கார அகலமான இடம் கிடைத்துவிட்டது. நுனியின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள், நகம் எங்கேயும் தட்டக் கூடாது.

இதில் எந்தப் பக்கத்தில் கைடு ஓடுகிறது என்று கவனியுங்கள். பலகையின் பின் பக்கத்தில் கைடை ஓட்டினால், பலகைக் கனமும் கணக்கில் சேரும். அது தப்பில்லை, ஆனால் காலுக்கும் சட்டத்துக்கும் அதே பலகையையே வைத்து, முகக்குறி போட்ட பக்கம் பலகையைத் தொடுகிற மாதிரி இரண்டையும் பிடிக்க வேண்டும். பலகையிலேயே ஒரு நடுக்கோடு கீறி, இரு பக்கமும் ரவுட்டர் முட்டி நிற்கத் தடைக்கட்டை வைத்துவிட்டால், துளை நடுவை அந்தக் கோட்டுக்கு நிறுத்துவதுதான் மிச்ச வேலை. எங்கள் பட்டறையில் எல்லாத் துளையும் இப்படி ஒரே பலகையில்தான் போடுகிறோம்.

எங்கிட்ட ரவுட்டரே கிடையாது. டிரில்லும் உளியும்தான் இருக்கு.

போதும். மார்க்கிங் கேஜை ஒரு அளவில் வைத்துத் திருகை முடுக்கிவிட்டு, எல்லாத் துண்டுகளிலும் முகத்திலிருந்து கோடு கீறுங்கள். பாதியில் அளவை மாற்றக் கூடாது. பென்சில் கோட்டுக்கு ஒரு கனம் உண்டு, கேஜ் கீறலுக்கு அது கிடையாது. உளியின் கூரும் கீறலில் தானாகப் போய் உட்காரும். கீறலுக்குள்ளே வரிசையாக ஓட்டை போட்டு, கொட்டாப்புளியும் உளியுமாகச் சுவரைச் சீவுங்கள். முகத்துக்குப் பக்கமுள்ள சுவரை முதலில் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள், மட்டம் அதை வைத்துத்தான் நிற்கிறது. எதிர்ச் சுவர் ஒரு மயிரிழை கூடிப்போனால் கழுந்தைக் கொஞ்சம் தடிப்பாக இழைத்துச் சரிக்கட்டலாம்.

கழுந்துத் துண்டை எப்படிச் செய்யணும்? எவ்வளவு இறுக்கமா இருக்கணும்?

கை அழுத்தத்தில் உள்ளே போக வேண்டும், மரத்தைத் தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. சுத்தியல் கேட்டால் இறுக்கம் அதிகம். பசை பட்டதும் மரம் ஊதும், அப்புறம் பாதியில் நின்றுகொண்டு மேலேயும் போகாது கீழேயும் வராது.

ஒவ்வொரு துண்டாகச் செய்யாமல், இரண்டு அடி நீளப் பட்டையாக இழைத்துத் தயாரித்துத் துண்டு போடுங்கள். துளையின் ஓரங்கள் பிட்டின் வளைவில் அரைவட்டமாக இருக்கும். பட்டையின் விளிம்பையும் அப்படி உருட்டலாம். உருட்டச் சோம்பலாக இருந்தால், வளைவுகளுக்கு நடுவே நேராக இருக்கும் பகுதியின் அகலத்துக்குக் கழுந்தை இழைத்துச் சதுரமாகவே விட்டுவிடலாம். பலம் அகலப் பக்கங்களில்தான், ஓரத்தில் இல்லை. நுனிகளை லேசாகச் சாய்த்துவிட்டு, அகலப் பக்கத்தில் ரம்பத்தால் ஒரு மெல்லிய கோடு ஓட்டினால் பசையும் காற்றும் அதன் வழியாக வெளியே வரும். பிளைவுட்டில் கழுந்து வெட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அதில் அடுக்குகளில் பாதிக்கு நார் குறுக்கே ஓடும்.

முன்ன பின்ன மட்டமா வந்துட்டு. மேல கீழ ஒரு மில்லி தள்ளிப் போச்சு. திரும்பத் துளை போடணுமா?

வேண்டாம். ஒரு திசையில் துல்லியமாகவும் இன்னொரு திசையில் கொஞ்சம் தாராளமாகவும் இருப்பது இந்த மூட்டின் சௌகரியம். முகமட்டத்தைப் பிடிப்பது கழுந்தின் கனம், அங்கே விட்டுக்கொடுக்க முடியாது. மேல் கீழ் திசையில் கழுந்தின் ஓரம்தான் இருக்கிறது. ஒரு மரத்தில் மட்டும் துளையை இரண்டு பக்கமும் 1 மி.மீ. நீட்டிவிடுங்கள். பசை போட்டுச் சேர்த்தபின் சட்டத்தைத் தட்டி இடத்துக்குக் கொண்டுவந்து கிளாம்பை முடுக்கலாம். டொமினோவில் துளையின் அகலத்தை மாற்றும் திருகு இருப்பதும் இதற்குத்தான். வரிசையில் ஒரு துளையை இறுக்கமாகவும் மற்றவற்றை அகலமாகவும் போடுவார்கள்.

மேஜைக் கால்ல சட்டம் மட்டமா வேண்டாம், 5 மில்லி உள்வாங்கி இருக்கணும். அப்ப ஒரே கைடு அளவு எப்படிச் சரி வரும்?

வரும், நடுவில் ஒரு 5 மி.மீ. பட்டை வைத்தால். கால் 40 மி.மீ., சட்டம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கைடை 15-இல் வைத்துக் காலில் துளை போடுங்கள். பிறகு கைடைத் தொடாமல், சட்டத்தின் முகத்துக்கும் கைடுக்கும் நடுவே 5 மி.மீ. பட்டையைச் செருகி அதன் நுனியில் துளை போடுங்கள். சட்டத்தின் முகத்திலிருந்து துளை நடு 10-இல் வரும். சேர்த்தால் சட்டம் காலை விட 5 மி.மீ. உள்ளே. பலரும் பட்டையைக் காலுக்கு வைத்துவிட்டுச் சட்டம் வெளியே துருத்துகிறதே என்று வந்து நிற்பார்கள். எந்தத் துண்டு உள்ளே போக வேண்டுமோ அதற்குத்தான் பட்டை. எல்லாச் சட்டத்துக்கும் அந்த ஒரே பட்டைதான், இன்னொன்று வெட்டக் கூடாது.

காலில் இரண்டு பக்கமிருந்தும் துளை வருவதால் ஆழத்தையும் பாருங்கள். இதே அளவில் 6 மி.மீ. பிட் போட்டால் 22 மி.மீ. ஆழத்தில் இரண்டு துளையும் உள்ளே முட்டிக்கொள்ளும். 20-இல் நிறுத்துங்கள். இன்னும் ஆழம் வேண்டும் என்றால் கழுந்து நுனிகளை 45 டிகிரியில் சாய்த்து வெட்டி, உள்ளே ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்க வையுங்கள்.

முதல் நாலு துளை அச்சு அசலா வருது. போகப் போகத் தள்ளுது. மிஷின்ல கோளாறா?

முதலில் மரத்தூளைப் பாருங்கள். கைடும் மரமும் சேர்கிற மூலையில் தூள் அடைந்து, அடுத்த துண்டை அழுத்தும்போது அட்டை மாதிரி கெட்டியாகிவிடும். ஒவ்வொரு துளைக்கும் ஒரு பழைய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அடுத்து கைடின் திருகு, அதிர்வில் தளரும். அதன் பிறகு பிட். ஸ்பைரல் பிட் தூளை மேலே இழுப்பது போலத் தன்னையும் கீழே இழுத்துக்கொண்டே போகும். கொலட் (பிட்டைப் பிடித்திருக்கும் கவ்வி) முடுக்கம் போதாவிட்டால் துளைக்குத் துளை ஆழம் கூடும். பிட்டின் தண்டும் கொலட்டின் உட்புறமும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து முடுக்குங்கள்.

சித்திரையில செஞ்சு வச்ச கழுந்து, ஐப்பசியில உள்ள போகவே மாட்டேங்குது.

நம் ஊரில் இது வருஷா வருஷம் வரும் கேள்வி. கோடையில் காய்ந்து சுருங்கிய கழுந்து, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஈரம் குடித்து ஊதுகிறது. தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி ஆடிச் சாரலிலேயே தொடங்கிவிடும். அழுத்திச் செய்யப்பட்டுக் கடையில் வரும் பீச் மரக் கழுந்துகள் இன்னும் அதிகமாக ஊதும். கழுந்துகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். ஊதிவிட்டால் வெயிலில் கொஞ்ச நேரம் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்குகிற அவசரம் வேண்டாம், அடுத்த கோடையில் அதே கழுந்து லொடலொட என்று ஆடும்.

கல்லிடைக்குறிச்சியில பழைய வீடு பிரிச்சப்போ கிடைச்ச தேக்கு வச்சிருக்கேன். அதுல போடலாமா?

கிடைத்தால் விடாதீர்கள். பல வருஷம் காய்ந்த மரம், இனி பெரிதாக அசையாது. துளை போடும் முன் காந்தத்தை ஓட்டி ஆணி தேடுங்கள், ஸ்பைரல் பிட் ஒரு ஆணியில் போய்விடும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டும் இடத்தைப் புதிதாகச் சீவி, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனோ தின்னரோ தொட்ட துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். வேம்பு, பூவரசு, பலா எல்லாவற்றிலும் இந்த மூட்டு நன்றாக வரும். மா மரம் மென்மையானது, பூச்சியும் ஏறும், கழுந்தை மட்டுமாவது வேறு கெட்டி மரத்தில் வையுங்கள்.

பசை பூசி எல்லாத்தையும் சேக்கிறதுக்குள்ள காஞ்சு போயிடுது. ஒரு பக்கம் மட்டும் முதல்ல ஒட்டி வச்சுக்கலாமா?

தாராளமாக. சித்திரை வைகாசி வெயிலில் ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை கண்ணெதிரே தோல் கட்டிவிடும். கழுந்தைச் சட்டத்தின் நுனியில் முதலில் ஒட்டிவிடுங்கள். அப்புறம் அது சாதாரணக் கழுந்துதான். பசையைக் கழுந்தில் மட்டும் பூசாமல் துளைச் சுவரிலும் ஒரு குச்சியால் தடவுங்கள், கழுந்தில் பூசியதெல்லாம் உள்ளே போகும்போது வாயிலேயே வழிந்துவிடும்.

பசை இறுகும் முன் எதிர் மரத்தைப் பசையில்லாமல் ஒரு தடவை மாட்டி, முகத்தின் மேல் நேர்க்கோல் வைத்துப் பாருங்கள். கழுந்து சாய்ந்திருந்தால் அப்போதே நேராகிவிடும். பார்த்ததும் கழற்றி, தோளில் வழிந்த பசையைத் துடைத்துவிடுங்கள். அது காய்ந்து கட்டியானால் தோள் சேராது.

நாற்காலியில பக்கச் சட்டம் கோணமா வருதே. கழுந்தையும் கோணமா செதுக்கணுமா?

கழுந்து நேராகவே இருக்கட்டும், கோணத்தைச் சட்டத்தின் நுனி பார்த்துக்கொள்ளும். முன் கால்கள் அகலமாகவும் பின் கால்கள் நெருக்கமாகவும் உள்ள நாற்காலியில் சட்டத்தின் இரண்டு நுனியையும் வேண்டிய கோணத்தில் அறுத்துவிட்டு, அறுத்த முகத்துக்குச் செங்குத்தாகத் துளை போடுங்கள். காலிலும் வழக்கம்போல் செங்குத்துத் துளை. தனிக் கழுந்து கண்டிப்பாக ஜெயிக்கிற இடம் இது. செதுக்குகிற கழுந்தென்றால் இதே கோணத்துக்கு நாலு தோளும் தனித்தனியாக வெட்டியாக வேண்டும்.

பிடிப்பதுதான் சிரமம். சட்ட நுனி கிடைமட்டமாக நிற்க, சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே அதே கோணத்தில் அறுத்த ஆப்பு ஒன்று வேண்டும். ஒரு நுனிக்கு ஆப்பின் தடித்த பக்கம் மேலே வரும், மறு நுனிக்கு மெல்லிய பக்கம் மேலே வரும், அதனால் பலகையிலிருந்து சட்டம் விலகும் தூரம் மாறும். இங்கே மட்டும் கைடு அளவை நம்பாமல், ஒவ்வொரு நுனியிலும் வெளிமுகத்திலிருந்து கேஜால் கீறி, பிட்டைக் கீறலுக்கு நிறுத்துங்கள். அளவை மாற்றினாலும் முகம் மாறவில்லை என்பதைப் பாருங்கள். இன்னொரு கணக்கும் உண்டு. 5 டிகிரியில் 25 மி.மீ. ஆழம் போகும்போது துளை ஒரு பக்கமாக 2 மி.மீ.க்குச் சற்று மேல் சாயும். 20 மி.மீ. சட்டத்தில் 8 மி.மீ. பிட் போட்டால் அந்தப் பக்கச் சுவர் 4 மி.மீ.க்கும் குறைந்துவிடும். 6 மி.மீ. பிட் எடுங்கள்.

எல்லாம் பண்ணியும் படி விழுந்துட்டு. காப்பாத்த முடியுமா?

பசை போடாமல் மாட்டிப் பார்க்கும்போதே கண்டுபிடித்துவிட்டால் எதையும் காப்பாற்றலாம். அரை மி.மீ.க்குள் என்றால் ஒட்டிவிட்டு இழைப்புளியால் மட்டம் செய்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது. அதற்கு மேல் என்றால், கழுந்தின் பாதியில் மட்டும் ஒரு பக்கம் மெல்லிய சீவலை ஒட்டி, எதிர்ப் பக்கம் அதே அளவு இழைத்துவிடுங்கள். கழுந்தின் அந்தப் பாதி அவ்வளவு தள்ளி நிற்கும், துளையைத் தொட வேண்டாம். 1 மி.மீ. வரை இந்த வித்தை செல்லும். அதையும் தாண்டினால், துளையில் அதே மரத் துண்டை ஒட்டி நிரப்பி, காய்ந்தபின் புதிதாகத் துளை போடுவதுதான் வழி.

ஒட்டிக் காய்ந்த பிறகு தெரிந்தால் இழைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் ஒட்டும் முன் முழுவதையும் பசையில்லாமல் கிளாம்ப் போட்டு நிறுத்தி, மூட்டின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாத படியும் நகத்தில் தட்டும்.

வாசல் கதவுக்கு இந்த மூட்டு போடலாமா அண்ணாச்சி? ஆசாரி வேண்டாங்காரு.

ஆசாரி சொல்வதைக் கேளுங்கள். உள்ளறைக் கதவுக்குப் போடலாம். எட்டு அங்குல அடிச்சட்டத்துக்கு ஒரே அகலக் கழுந்தாகப் போடாமல், நடுவில் மரம் விட்டு இரண்டாகப் போடுங்கள். வெயிலும் மழையும் நேராக அடிக்கிற வாசல் கதவு வேறு சங்கதி. அங்கே பசை மட்டும் தாங்கி நிற்கக் கூடாது. மறுபக்கம் வரை ஊடுருவுகிற செதுக்கிய கழுந்தும், அதில் அடித்த மூங்கில் ஆணியும்தான் சரி. பசை விட்டாலும் ஆணி பிடித்துக்கொள்ளும். தனிக் கழுந்துக்கும் மூங்கில் ஆணி அடிக்கலாம்தான், ஆனால் மூட்டின் இரு பக்கமும் ஒவ்வொன்று அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கம் பசையை நம்பித்தான் நிற்கும்.